நைல் கரையில் ஒரு ஸ்ட்ரைக்!

எகிப்துன்னா என்ன ஞாபகம் வரும்? பிரமிடு, மம்மி, தங்க முகமூடி போட்ட துட்டன்காமன். அவ்வளவுதான்! ஆனா, அந்தப் பிரமிடுக்குக் கல் ஏத்தினவன் ராத்திரி எங்கே படுத்தான், என்ன சாப்பிட்டான், சம்பளம் ஒழுங்கா வந்துச்சான்னு யாராவது கேட்டிருக்கோமா? கேட்கலாம் பாஸ். பதிலும் இருக்கு!

மேரரின் டைரி

2013-ல் செங்கடல் கரையோரம் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில், பிரெஞ்சு தொல்லியல் அறிஞர் பியர் தாலேயின் குழுவுக்குச் சில பாப்பிரஸ் தாள்கள் கிடைத்தன. வயசு? சுமார் 4,500 வருஷம்! இதுவரை கிடைத்த எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இவைதான் ரொம்பப் பழசு. ஏதோ ராஜா ரகசியம்னு நினைச்சுடாதீங்க. மேரர் என்கிற படகுக் குழுத் தலைவரின் வேலைக் குறிப்பேடு அது.

மேரருக்குக் கீழே சுமார் 40 பேர். கிழக்குக் கரையில் துரா குவாரி. அங்கே வெட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி, மேற்கே கிசாவில் குஃபு மன்னரின் பிரமிடுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். இன்னிக்குக் கல் ஏத்தினோம், இங்கே தங்கினோம், மறுநாள் கிளம்பினோம்... டைரி முழுக்க இதே கதைதான். பத்து நாளைக்கு இரண்டு, மூன்று ட்ரிப். அச்சு அசல் நம்ம லேப் ரெக்கார்டு நோட்! சம்பளம் காசாக இல்லை. ரொட்டி, பீர் என்று சாப்பாடாகவே வந்தது.

பிரமிடு கட்டியதெல்லாம் சாட்டையடி வாங்கிய அடிமைகள்னு சினிமாவில் பார்த்திருப்போம். ஆனா, 1990-ல் பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே தொழிலாளர்களின் கல்லறைகள் கிடைத்தன. எலும்பு முறிந்து, அதற்கு வைத்தியம் பார்த்துக் குணமான அடையாளங்களும் அதில் இருந்தன. தேய்ந்துபோன முதுகெலும்புகளும் இருந்தன. அடிமைகள் இல்லைதான்... அதுக்காக ஜாலியான வேலைன்னும் சொல்ல முடியாது!

ஆறே இன்ஜின்!

ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடண்டா எனக்குப் பிடிச்ச மேட்டர் இது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. கல் பாரத்தோடு போகும்போது நீரோட்டம் தள்ளிவிடும். காலியாகத் திரும்பும்போது பாயை விரித்தால் காற்று இழுத்துக்கொண்டு போகும். டீசலும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். எகிப்திய எழுத்திலேயே இது பதிவாகியிருக்கு. தெற்கே போவதைக் குறிக்கப் பாய் விரித்த படகு. வடக்கே போவதற்குப் பாய் இறக்கிய படகு!

அந்த ஆறுதான் எல்லோருக்கும் படியளந்தது. ஃபாரோ, அமைச்சர், பூசாரிகள், எழுத்தர்கள், கைவினைஞர்கள், அடியில் விவசாயிகளும் அடிமைகளும் என்று ஏணி நீளமானது. ஆனா, வெள்ளம் கம்மியானா பஞ்சம், மீறினா ஊரே காலி. எலிஃபன்டைன் தீவில் படிக்கட்டில் கோடு போட்டு வெள்ளத்தை அளந்தார்கள். தண்ணீரின் உயரத்தை வைத்தே விளைச்சலையும் வரியையும் கணக்குப் போட்டார்கள்.

அப்பா சொன்ன அட்வைஸ்

கேட்டி என்கிற அப்பா, மகனைப் படகில் ஏற்றி எழுத்தர் பள்ளிக்கு அழைத்துப்போவதாகப் பழைய எகிப்திய நூல் ஒன்று உண்டு. வழி நெடுக அட்வைஸ் மழைதான்! கொல்லன் உடம்பு நாறும், மீனவனுக்கு முதலை பயம், சலவைத் தொழிலாளி முதலை பக்கத்தில் நின்றே துணி வெளுக்கணும். எழுத்தனா ஆகிடு, உனக்கு மேலே யாரும் அதட்ட மாட்டாங்க... இதுதான் சாரம். 'இன்ஜினீயரிங் படிச்சா லைஃப் செட்டில்'னு எங்கப்பா சொன்னப்போ இதே டோன்தான்!

ஆனா, ஒண்ணு கவனிங்க. இதை எழுதியது ஒரு எழுத்தர். சலவைத் தொழிலாளிக்கு எழுதத் தெரியாது. தெரிஞ்சிருந்தா, எழுத்தரைப் பத்தி அவர் என்ன எழுதியிருப்பார்?

பசிக்குது... வேலை செய்ய மாட்டோம்!

இன்னும் சில நூற்றாண்டுகள் தாண்டுவோம். கி.மு. 1157 வாக்கில், மூன்றாம் ராம்செஸ் ஆட்சி. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து, ஓவியம் தீட்டும் கைவினைஞர்கள் டெயிர் எல்-மதினா என்ற ஊரில் குடும்பத்தோடு இருந்தார்கள். நைலின் மேற்குக் கரைதான். ஆனா, பாலைவனத்துக்குள்ள இருந்ததால குடிதண்ணீரே ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமந்து வரணும். சம்பளம் கோதுமையும் பார்லியும்.

அந்த வருஷம் தானியம் வரவில்லை. நாள்கள் ஓடின. ஒருநாள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி நடந்து, ஒரு கோயிலின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். 'பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை. மன்னருக்குச் சொல்லி அனுப்புங்க' என்பதே அவர்கள் கோரிக்கை. வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். அதிகாரிகள் பாக்கித் தானியத்தை அளந்து கொடுத்தார்கள். அதோடு முடிஞ்சிடலை. திரும்பவும் பாக்கி, திரும்பவும் ஸ்ட்ரைக்! அந்தப் பதிவு இப்போது இத்தாலியின் டுரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1970-ல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்டது. எகிப்தில் நைல் இப்போது பழையபடி வருஷா வருஷம் கரை புரள்வதில்லை. ஆனா, அந்த டைரியும் ஸ்ட்ரைக் பதிவும் மிச்சம் இருக்கு.

பெரிய பிரமிடைக் கட்டியது யார்னு பரீட்சையில் கேட்டா, 'குஃபு'ன்னு எழுதினாதான் மார்க். எழுதுங்க, தப்பில்லை. எழுதும்போது, படகில் கல் ஏத்தின அந்த 40 பேரையும் ஒரு செகண்ட் நினைச்சுக்கோங்க!