சிவக்காத சிவப்பு

என் தொழிலுக்கு மூலதனம் ஒரு பேனாவும் ஒரு பாட்டில் சிவப்பு மையும்தான். புத்தகப் பதிப்பாளர்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். கணினியிலேயே திருத்தலாமே என்பார்கள். திரையில் என் கண்ணுக்குத் தப்புகிற ஒற்றுப்பிழை தாளில் தப்புவதில்லை. அதனால் இன்னமும் அச்செடுத்த தாளில்தான் வேலை. பால்பாயின்ட் பேனா எனக்கு ஒத்துவராது. நாள் முழுக்க அழுத்தி எழுதினால் கட்டைவிரலின் அடிப்பக்கம் வலிக்கும். மைப்பேனாவை அழுத்தவே வேண்டாம், தாளைத் தொட்டால் எழுதும்.

ஆனால் சாதாரணச் சிவப்பு மை தண்ணீருக்குத் தாங்காது. ஐப்பசி மழையில் ஆட்டோவில் போகிற ஒரு கட்டு புரூஃப் நனைந்தால் பக்கமெல்லாம் ரோஸ் நிறக் குளம். எதை அடித்தேன், எதைச் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் கடைக்காரர்கள் ‘பிக்மென்ட் இங்க்’ என்று சொல்கிற நிறமி மை சிவப்பிலும் கிடைக்கிறது என்று தெரிந்ததும் வாங்கினேன். வெளிநாட்டுச் சரக்கு, நான் வழக்கமாக வாங்கும் மையைவிடப் பல மடங்கு விலை. கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற குறைகளில் பெரும்பங்கு அந்தக் கம்பெனியுடையதே அல்ல, சிவப்பு நிறத்துடையது.

பள்ளிக்கூடத்திலிருந்து நாம் பழகிய மைகள் பெரும்பாலும் சாய மைகள். சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோலச் சாயம் முழுக்கக் கரைந்து, தண்ணீரோடு சேர்ந்து தாளின் நாருக்குள் இறங்கும். மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்து கிளம்பிவிடும். நிறமி கரையாது. நுண்ணிய தூளாக நீரில் மிதந்தபடி இருக்கும். ஒரு துகளின் அளவு நூறு நானோமீட்டரை ஒட்டி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். தாள் காய்ந்ததும் துகள்கள் நாரிடுக்கில் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு குழாயடியில் பிடித்தாலும் அசையாது.

வெயில் விஷயத்திலும் இதே வித்தியாசம்தான். சிவப்பு மைகளில் நெடுங்காலம் கோலோச்சிய சாயம் இயோசின். ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிஷ் காரோ 1874இல் உருவாக்கியது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு. பரிசோதனைக் கூடங்களில் திசுக்களுக்கு நிறமேற்ற இன்றும் அதுதான். ஆனால் வெளிச்சம் ஆகாது. அந்தச் சாயத்திலிருந்து செய்த ஓவிய வண்ணத்தை வான்கோ விரும்பிப் பயன்படுத்தினார். 1890இல் அவர் இளஞ்சிவப்பாகத் தீட்டிய ரோஜாக்கள் இன்று கிட்டத்தட்ட வெள்ளையாக நிற்கின்றன. அவருடைய படுக்கையறை ஓவியத்தின் சுவரில் முதலில் இருந்தது ஊதா. அதிலிருந்த சிவப்பு வெளுத்துப்போக, நாம் பார்ப்பது மிச்சமிருக்கிற நீலம்.

அப்படியானால் எல்லா மையையும் நிறமியிலேயே செய்துவிடலாமே? கறுப்பில் செய்துவிட்டார்கள். ஜப்பானின் பிளாட்டினம் கம்பெனியின் கார்பன் மையும் செய்லர் கம்பெனியின் கிவாகுரோவும் பேனாப் பிரியர்களிடையே பேர்பெற்றவை. இரண்டும் கரிதான். கரி எடை குறைந்தது, எளிதில் நுண்தூளாகும், விழுகிற வெளிச்சம் எந்த நிறமானாலும் விழுங்கிவிடும். அதனால் மெல்லிய பூச்சிலேயே கறுப்பு கறுப்பாகத் தெரியும். மை செய்கிறவனுக்கு இதைவிட நல்ல சரக்கு வாய்க்காது.

சிவப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழங்காலச் சிவப்பு நிறமியான சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. தண்ணீரைப்போல எட்டு மடங்கு கனம்; பேனாவில் ஊற்றினால் மறுநாள் அடியில் வண்டலாகக் கிடக்கும், நஞ்சு வேறு. காட்மியம் சிவப்புக்கும் கனமும் நஞ்சும் உண்டு. எஞ்சியவை ஆலைகளில் செய்யும் கரிம நிறமிகள். நாஃப்தால் வகை பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கமோ செங்கல் பக்கமோ சாயும். 1958இல் டூபான்ட் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த குவினாக்ரிடோன் வகை வெயிலுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் மெஜந்தா பக்கம் இழுக்கும். நிறமி மை போடுகிற இன்க்ஜெட் பிரிண்டர்களின் மெஜந்தாவில் பெரும்பாலும் இருப்பது இந்தக் குடும்பம்தான். இவற்றைக் கொண்டு பேனாவில் அடர்சிவப்பு வரவைக்க வேண்டுமானால் துகளை நிறையப் போட வேண்டும். நிறையப் போட்டால் மை கெட்டியாகி, நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவருகிற கட்டையின் மெல்லிய பள்ளத்தில் அடைக்கும். குறைத்துப் போட்டால் வெள்ளைத் தாள் ஊடே தெரிந்து நிறம் சோகை பிடிக்கும். என் பாட்டிலைச் செய்தவர்கள் பேனாவைக் காப்பாற்ற நிறத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். எழுதும்போது ஈரத்தில் நல்ல சிவப்புதான். காயக் காயக் காவி கலந்த ரோஸாகிவிடுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே அதைத் தேட வேண்டியிருக்கிறது. திருத்தக் குறியைத் தேட வைக்கிற சிவப்பு எதற்கு?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயில் முழுக்க ஜன்னலில், பாதியை அட்டையால் மூடி இரண்டு மைகளையும் வைத்திருந்தேன். பழைய சாய மை வெளிச்சம் பட்ட பாதியில் வெளிறிப்போயிற்று. புதியது மூடிய பக்கத்துக்கும் திறந்த பக்கத்துக்கும் வித்தியாசம் காட்டவில்லை. தண்ணீரிலும் முழு மதிப்பெண். பெட்டியில் கொடுத்த வாக்கை அது மீறவில்லை.

இடறியது வேறு இடங்களில். புரூஃப் வருவது லேசர் பிரிண்டரில் அச்சடித்த தாளில். அந்தக் கறுப்பு எழுத்து மை அல்ல, உருகி ஒட்டிய பிளாஸ்டிக் பொடி. அதன்மேல் தண்ணீர் மை எதுவுமே சரியாகப் பிடிக்காது. சாய மையாவது பக்கத்து நாருக்குள் ஓடித் தப்பித்துக்கொள்ளும். இது எழுத்தின் மேலேயே உட்கார்ந்திருந்து, விரல் பட்டதும் இழுபடுகிறது. ஒரு சொல்லை அடித்தால் கோடு எழுத்தின் மேல் அறுந்து, இடைவெளியில் மட்டும் தெரிகிறது. அட்டைப்படப் புரூஃப் வரும் வழவழப்பான ஆர்ட் தாளில் இன்னும் மோசம், அங்கே காய்ந்த பிறகும் தேய்த்தால் வருகிறது.

இவற்றையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது புள்ளி. தமிழ் மெய்ப்பில் பாதி வேலை ‘க்’, ‘ச்’, ‘த்’, ‘ப்’ சேர்ப்பதும் எடுப்பதும்தான். புள்ளி வைக்கும்போது நிப் நகர்வதில்லை. தொட்டு எடுக்கிறோம், அவ்வளவே. நிப் நுனியில் மை கொஞ்சம் காய்ந்திருந்தாலும் கோடு இழுக்கும்போது பாதியில் ஓட ஆரம்பித்துவிடும். புள்ளிக்கு அந்தப் பாதி வழியே இல்லை. நிறமி மை நுனியில் சீக்கிரம் காய்கிறது. ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நிப் வறண்டுவிட, வைத்த புள்ளி தாளில் விழுவதே இல்லை. பக்கம் வடிவமைக்கிற பெண் போனில் கேட்டாள்: “அக்கா, நாப்பத்தி ரெண்டாம் பக்கத்துல ‘ப’ போட்டிருக்கீங்களா, ‘ப்’ போட்டிருக்கீங்களா? எதைச் சேக்கணும்?” நான் ஒரு ஒற்றுக்காகச் சண்டை போடுகிறவள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் குரலில் லேசான சிரிப்பு இருந்தது.

பேனாவின் பங்கும் உண்டு. என்னுடையது திருவள்ளூரில் கையால் கடைந்த எபோனைட் பேனா. ஃபில்லரால் மையை நேரே குழலுக்குள் ஊற்றுகிற வகை. மை நிறையக் கொள்ளும். சாய மைக்கு அது வசதி, நிறமி மைக்கு அவ்வளவு காலம் உள்ளே கிடக்க வேண்டிய தொல்லை. மூடிக்குள் காற்றும் நுழைகிறது. பிளாட்டினம்காரர்கள் 2011இல் கொண்டுவந்த 3776 செஞ்சுரி பேனாவில், மூடிக்குள் சுருள்வில் வைத்த இன்னொரு மூடி நிப்பை இறுக்கி அடைக்கும். நிறமி மை விற்கிற கம்பெனி மூடியிலும் அக்கறை காட்டியதில் ஆச்சரியமில்லை. சாய மை காய்ந்து அடைத்தால் வெந்நீரில் ஊறப்போட்டால் கரைந்து வந்துவிடும். நிறமி காய்ந்தால் ஊறவைத்தாலும் கரையாது. அதனால் வாரக் கடைசியில் மிச்ச மையைக் கொட்டி, குழலைக் கழற்றி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பாத்திரம் விளக்கும் திரவம் ஒரு சொட்டு சேர்த்தால் நல்லது. கன்வெர்ட்டர் போடுகிற பேனாவாக இருந்தால் உள்சுவரில் சிவப்புப் படலம் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. சாய மை இருந்த பேனாவைக் கழுவாமல் இதை ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் துகள்கள் திரிந்து கட்டியாகலாம்.

இதெல்லாம் பேனாவுக்கென்றே செய்த நிறமி மைக்கு. ஓவியர்களின் ‘இந்தியன் இங்க்’ வேறு. அதில் அரக்கு போன்ற பசைப்பொருள் இருக்கும். தண்ணீருக்கு அசையாதே என்று அதைப் பேனாவில் ஊற்றினால் பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய காலத்துக் கடுக்காய், அன்னபேதி மையும் அழியாதது, ஆனால் அந்த ரசாயனத்தில் கறுப்புதான் வரும், சிவப்புக்கு வழியில்லை.

புரூஃபுக்கு இப்போது பழையபடி சாய மைதான். முதல் புரூஃபின் ஆயுள் இரண்டாவது வரும்வரை. அதற்கு அழியாத மை என்பது கொஞ்சம் ஆடம்பரம். புரூஃப் கட்டைப் பாலிதீன் உறையில் போட்டுக் கொடுத்தால் மழைக்குப் போதும்.

ஆனால் பதிப்பாளர் அலமாரியில் இன்னொரு வகைத் தாள் உண்டு: திருத்தப் படி. புத்தகம் வெளிவந்த பிறகு கண்ணில் படுகிற பிழைகளை ஒரு பிரதியில் குறித்து, மறுபதிப்புக்காக எடுத்து வைப்பார்கள். மறுபதிப்பு இரண்டு வருடத்தில் வரலாம், இருபது வருடமும் ஆகலாம். அது மேப்லித்தோ தாள், ஆஃப்செட் அச்சு. லேசர் பிளாஸ்டிக் கிடையாது. அங்கே இந்த மை நன்றாகப் பிடிக்கிறது. தொட்டு எழுதும் கட்டைப்பேனாவால் எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புது ஈரம் என்பதால் புள்ளி தவறுவதில்லை, எழுதி முடித்ததும் நிப்பைத் துடைத்துவிட்டால் அடைப்புத் தொல்லையும் இல்லை. நிறம் மட்டும் அதே மந்தம். அதற்காகத் திருத்தம் உள்ள பக்கங்களின் நுனியை மடித்து வைக்கிறேன்.