உங்களுக்குத் தெரியுமா? மனநோய் மாத்திரைச் சண்டை!

மனநோய்க்கு மாத்திரை வேண்டுமா, வேண்டாமா? 70 வருடங்களுக்கு மேலாக டாக்டர்களுக்குள்ளேயே மல்லுக்கட்டு! தோண்டத் தோண்டக் கிடைத்ததெல்லாம் புதையல். பிடியுங்கள்!

குளோர்புரோமசைன் என்ற மருந்து மனதை அமைதியாக்கும் என்று முதலில் கண்டுகொண்டவர் மனநல டாக்டரே இல்லை. ஹென்றி லபோரி என்ற பிரெஞ்சு சர்ஜன்! ஆபரேஷன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். பதற்றமே இல்லாமல் படுத்திருந்தார்கள். 1952-ல் பாரிஸ் டாக்டர்கள் அதை மனநோய்க்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்!

அதே 1952. நியூயார்க்கில் ஐப்ரோனியசிட் என்ற மருந்தைச் சாப்பிட்ட காசநோயாளிகள் வார்டிலேயே ஆட்டம் போட்டார்கள். மனச்சோர்வு மாத்திரைகளின் கதை அங்கேதான் தொடங்கியது!

லித்தியம் மருந்தின் கதை இன்னும் அபாரம். ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேடின் ஆய்வுக்கூடம் எது தெரியுமா? மெல்போர்ன் அருகே ஒரு மருத்துவமனையில் யாரும் பயன்படுத்தாத சமையல் சாமான் அறை! கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். சாதுவாகிவிட்டன. அடுத்து தானே விழுங்கிப் பார்த்தார்! அப்புறம்தான் நோயாளிக்குக் கொடுத்தார். ஐந்து வருடம் வெறி அடங்காமல் கிடந்த மனிதர் சில மாதங்களில் வீடு திரும்பி, பழைய வேலைக்கே போனார்!

ஆனால் அதே மனிதர் 1950-ல் இறந்துபோனார். காரணம், உடம்பில் அளவு மீறிய அதே லித்தியம்! கேடின் கட்டுரை வந்தது 1949-ல். அமெரிக்கா அனுமதி தந்தது 1970-ல்!

அந்த 1949-ல் மருத்துவ நோபல் பரிசில் பாதி எதற்குக் கிடைத்தது? மனநோயாளிகளின் மூளையில் கத்தி வைக்கும் லோபாடமிக்கு! மாத்திரையைத் திட்டுகிறவர்கள் இதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுபடி லித்தியத்துக்கே வருவோம். செவன் அப் குளிர்பானம் தெரியும்தானே? 1929-ல் லித்தியம் கலந்துதான் கடைக்கு வந்தது!

நம் நாட்டுச் சர்ப்பகந்தி மூலிகையும் இந்தக் கதையில் உண்டு. மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் அது கேட்கும் என்று 1931-லேயே இரண்டு இந்திய டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். அதிலிருந்து எடுத்த ரெசர்பின் 1950-களில் நியூயார்க் மனநல மருத்துவமனைக்குள் போனது. பிறகு அதுவே மனச்சோர்வைக் கொண்டுவருகிறது என்று பழி சுமந்தது!

1973-ல் பேராசிரியர் டேவிட் ரோசன்ஹான் ஒரு குண்டு போட்டார். நோயே இல்லாத 8 பேர், காதில் குரல் கேட்கிறது என்று பொய் சொல்லி 12 மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்களாம். அவர்களுக்குக் கொடுத்த மாத்திரைகள் கிட்டத்தட்ட 2,100. விழுங்கியது? வெறும் 2! பொறுங்கள், அந்த ஆய்வு நிஜமாகவே நடந்ததா என்று 2019-ல் ஒரு பத்திரிகையாளர் புத்தகமே எழுதிவிட்டார்!

ரஃபேல் ஓஷெராஃப், அமெரிக்கச் சிறுநீரக டாக்டர். 1979-ல் கடுமையான மனச்சோர்வோடு மேரிலாந்தில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். ஏழு மாதம் பேச்சுச் சிகிச்சை மட்டும். மனச்சோர்வு மாத்திரை ஒன்றுகூடக் கிடையாது! வேறு இடத்துக்கு மாற்றி மாத்திரை கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் வீட்டுக்குப் போய்விட்டார்! சும்மா விட்டாரா? மருந்து தராததற்கு வழக்கே போட்டார். 1987-ல் சமரசம்!

மனச்சோர்வு மாத்திரைகள் பற்றி அமெரிக்க மருந்துத் துறையில் பதிவான 74 ஆய்வுகளை 2008-ல் ஒரு குழு தேடிப் பிடித்தது. 36 ஆய்வுகளில் முடிவு மாத்திரைக்குச் சாதகமாக இல்லை. அதில் 22 அச்சுக்கே வரவில்லை! 11 ஆய்வுகள் வெற்றி போல வேஷம் கட்டி வந்தன! எனக்குக் கோபமே வந்தது.

மாத்திரை வெறும் ஏமாற்றா, அப்படியானால்? அவசரப்படாதீர்கள்! 2018-ல் 522 ஆய்வுகளை ஒன்றாக அலசினார்கள். 1,16,477 நோயாளிகள், 21 மாத்திரைகள். வெற்று மாத்திரையை ஜெயித்தவை எத்தனை? இருபத்தொன்றும்!

இந்த மாத்திரைகளை நிறுத்தினால் சிலருக்குக் கடுமையாக, நெடுநாள் படுத்தும் என்று பிரிட்டன் மனநல டாக்டர்கள் சங்கம் ஒப்புக்கொண்டது எப்போது? 2019-ல்தான்! நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லி, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரை இல்லாத இடங்கள் எப்படி? 2001, ஏர்வாடி. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். நெஞ்சு பதறுகிறது. அடுத்த வருடமே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இன்னொரு தமிழ்நாட்டுச் செய்தி! வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேருக்கு, மருந்தே இல்லாமல் நோயின் கடுமை கிட்டத்தட்ட 20 சதவிகிதம் குறைந்ததாம்!

கடைசியாக குளோசபின் என்ற மனநோய் மருந்து. 1975-ல் பின்லாந்தில் 8 உயிர்களை வாங்கியது என்று ஓரங்கட்டப்பட்ட மருந்து! பிறகு ரத்தப் பரிசோதனைக் கட்டுப்பாட்டோடு திரும்பி வந்தது. 2009-ல் அதே பின்லாந்தில் 66,881 ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) நோயாளிகளின் 11 வருடக் கணக்கைப் புரட்டினார்கள். இறப்பு விகிதம் எந்த மருந்தில் மிகக் குறைவு? அந்தக் குளோசபினில்தான்!