கஞ்ச ஸ்கொட்லாந்தியரும் ஊவாத் தோட்டங்களும்: ஒரு நகைச்சுவையின் வர்க்க அடிப்படை

கட்டம்போட்ட 'கில்ற்' உடை, ஊதுபை இசை, கைக்காசை இறுகப் பற்றும் கஞ்சத்தனம் ஆகியன ஸ்கொட்லாந்தியர் பற்றிய மிகை நகைச்சுவையின் நிலையான கூறுகளாகும். ஸ்கொட்லாந்தியரே இதனை விரும்பிப் பரப்பினர். ஹரி லோடர் (1870–1950) இவ்வேடத்தையே இசையரங்க மேடைகளில் தமது மூலதனமாக்கிக் கொண்டார். ஊவாத் தோட்டத்துரைமாரிற் பலர் ஸ்கொட்லாந்தியர். ஹப்புத்தளையின் கிளெனனோர், பதுளையின் கிளென் அல்பின் ஆகிய தோட்டப்பெயர்களில் வரும் 'கிளென்' பள்ளத்தாக்கினைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல்லடியாகப் பிறந்ததே. ஆதலின் இந்நகைச்சுவை நமது ஆய்வுக்குப் புறம்பானதன்று.

முதலில் அதன் வரலாற்றை நோக்குவோம். மலைநாட்டவரின் உடை 1746இல் தடைசெய்யப்பட்டு, 1782இலேயே மீள அனுமதிக்கப்பட்டது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வோல்ற்றர் ஸ்கொற்றின் ஏற்பாட்டில் அதே உடை தேசியக் கோலமாயிற்று. அக்காலத்திலேதான் அம்மலைநாட்டு மக்கள் ஆட்டுப்பண்ணைகளுக்காக நிலத்தினின்றும் விரட்டப்பட்டனர். சதர்லாந்தில் 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 15,000 பேர் வெளியேற்றப்பட்டமையை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் எடுத்துக்காட்டுகிறார். மக்களை அகற்றியபின் அவர்தம் கோலம் மட்டும் விழாப் பொருளாக எஞ்சியது.

கஞ்சத்தனம் பற்றிய நகையும் இவ்வாறே ஓர் உண்மையை மறைக்கின்றது. கிளாஸ்கோவிற் பிறந்த தோமஸ் லிப்டன் மிகைப்படுத்தலை விளம்பரக் கலையாக்கியவர். உள்ளே செல்வோரை மெலிந்தவராகவும் வெளியே வருவோரைக் கொழுத்தவராகவும் காட்டும் கண்ணாடிகளைத் தம் கடைகளில் வைத்தார். 1890இல் அவர் தம்பேதன்ன முதலிய ஊவாத் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை நீக்கியமையே தமது தேயிலை மலிவாயிருப்பதற்குக் காரணமென விளம்பரப்படுத்தினார். கொழுந்து பறிப்பவளின் கூலி அக்கண்ணாடியில் தெரியவில்லை.

தோட்டத்திற் சிக்கனம் ஓர் இனத்தின் குணமன்று. அஃது உற்பத்தி முறையின் நியதி. குறித்த இறாத்தல் நிறையாவிடின் 'அரைப்பேர்'; கூடைக்கும் ஈரத்துக்குமென நிறுவையிற் கழிவு; 1921இல் ஒழிக்கப்படும்வரை, கடன் தீராமல் வேறு தோட்டம் செல்லவிடாத 'துண்டு' முறை. துரை ஆங்கிலேயராயினும் ஸ்கொட்லாந்தியராயினும் கணக்கு ஒன்றே. 'நாங்கள் கஞ்சர்கள்' எனத் துரைமார் தம்மையே நகையாடுகையில், வர்க்க உறவு தனிமனித விசித்திரமாகச் சுருங்கிவிடுகின்றது.

தொழிலாளருக்கும் தமக்கேயான நகை இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்த மலையக நாட்டார் பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் எள்ளலுக்கு உள்ளாகின்றனர். துரைமாரின் நகை அதிகாரத்தை இனியதாக்கியது; இவ்வெள்ளலோ அதனை இனங்காட்டியது. இன்று தம்பேதன்னைக்கு மேலுள்ள 'லிப்டன் இருக்கை'யில் அவரது சிலையருகே பயணிகள் படமெடுக்கின்றனர். கீழே லயன்களில் வாழ்வோர் நாட்சம்பளத்துக்காக இன்னமும் போராடுகின்றனர். அவர்களது எள்ளல் மரபினைத் தோட்டந்தோறும் திரட்டி, கூலிக் கணக்கேடுகளோடு ஒப்புநோக்கி ஆராய்தல் நமது பல்கலைக்கழகங்களின் உடனடிக் கடமையாகும்.