தார் ரோட்டுக்கும் வண்டிப்பாட்டைக்கும் ஏற்ற சைக்கிள்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் சைக்கிள் வாங்க உத்தேசிக்கும் குடியானவர் முதலில் யோசிக்க வேண்டியது விலையன்று. அவ்வண்டி தினந்தோறும் எந்த மண்ணின்மீது ஓடப்போகிறது என்பதேயாகும். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல். செந்துறை, ஜயங்கொண்டம் பக்கம் முந்திரி நிறைந்த செம்மண். மேற்கே பச்சைமலை அடிவாரத்தில் கல்லும் மேடுமான தடம். வயலிலிருந்து புறப்பட்டுச் சங்கத்துக்கோ சந்தைக்கோ போகிறவர் ஒரே பிரயாணத்தில் பாட்டையிலும் தார் ரோட்டிலும் ஓட்ட வேண்டியிருக்கிறது.

அரியலூரில் இன்னொரு விசேஷமுண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் போய்வரும் லாரிகள் நெருங்கும்போது, சைக்கிள்காரர் தார் விளிம்பைவிட்டு ஓரத்து ஜல்லியில் இறங்க நேரிடுகிறது. மீண்டும் ரோட்டில் ஏறுகையில், மெல்லிய டயர் விளிம்பில் உரசி வழுக்கினால், ஆள் விழுவது லாரிப் பக்கமாகவும் இருக்கலாம். ஆகையால் பாட்டைப் பக்கமே போகாதவருக்கும் அகலமான டயர் அவசியமாகிறது. விளிம்பைச் சாய்வாகத் தொடாமல், வேகத்தைக் குறைத்து நேராக ஏறுவதும் அவ்வளவு அவசியமே.

பழைய கனத்த சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்து டயர் அகலம் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். மலைப்பாதை வண்டி எனப்படும் 26 அங்குலச் சக்கர சைக்கிளில் அது இரண்டு அங்குலத்தை ஒட்டியிருக்கும். அகல டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக வைக்கலாம். அப்போது அது மணலில் புதையாது, கல்லில் துள்ளாது. ஆனால் பெரிய குமிழ்கள் கொண்ட டயர் தார் ரோட்டில் இரைச்சலுடன் காலின் பலத்தைத் தின்றுவிடும். நடுவில் தொடர்ச்சியான வரியும் இரு ஓரங்களில் சிறு குமிழ்களும் உள்ள டயரே இவ்விரு ஜில்லாக்களுக்கும் பொருந்தும். சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் முழுப் பாதுகாப்பன்று. தடித்த ட்யூப் போடுவதால் கொஞ்சம் நிவாரணம் கிடைக்கும்.

கரிசல் ஓட்டுவோர் மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியைக் கைவிரல் நுழைத்துப் பார்க்க வேண்டும். மழைக்குப்பின் களிமண் அங்கே அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது. மூட்டையோடு வண்டியையும் தூக்கி நடக்க வேண்டியதுதான்.

கியர் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம். முன் பல்சக்கரத்தில் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள சாதாரண வண்டி, பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 18 அடி ஓடும். சமதரையில் இது உத்தமம். கியர் வண்டியில் முன்னும் பின்னும் 28 பல்லாக மாற்றிக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 7 அடிதான். ஆனால் மேட்டில் இறங்காமல் ஏறிவிடலாம். அரும்பாவூர் போன்ற மலையடி ஊராருக்கு இது பிரயோஜனம். சமவெளியில் பால் எடுத்துச் செல்வோருக்குக் கியர் வீண் செலவு. புழுதியில் அதைச் சுத்தம் செய்வதும் ஒரு வேலை.

முன் ஃபோர்க்கில் வில் பொருத்திய மலிவு வண்டிகள் பார்வைக்குக் கம்பீரமானவை. அந்த வில் எடையைக் கூட்டுவதோடு, மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கையும் விழுங்குகிறது. அந்தப் பணத்தை நல்ல பிரேக்குக்குச் செலவிடலாம். இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர்க் கட்டை பிடிப்பது மிகக் குறைந்துவிடும். டிஸ்க் பிரேக் அவ்வளவு கெடாது.

பாரம் ஏற்றுவோர் கேரியர் மாட்டுவதற்குரிய துளைகள் சட்டத்தில் உள்ளனவா எனக் கவனிக்க வேண்டும். அநேக மலைப்பாதை வண்டிகளில் அவை இரா. நம் நாட்டுக் கனத்த சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 கம்பிகள், முன்சக்கரத்தில் 32. மூட்டை பின்னால் ஏறுவதே இதற்குக் காரணம்.

சட்டத்தின் உருவம் ஆண், பெண் என்ற பேதத்தால் தீர்மானிக்கப்பட வேண்டியதன்று. புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் சைக்கிள் பழகினர். பெண்கள் வண்டி போதாமையால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர்; முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கச் சௌகரியம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்கையில் ஓரிரண்டு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். ஆசனத்தில் அமர்ந்து குதிகாலைத் தாழ்ந்த பெடலில் வைத்தால் கால் நீண்டு நிற்க வேண்டும். ஒரு வண்டியைக் குடும்பத்தில் மூவர் ஓட்டுவதானால் உயரம் குறைந்தவருக்கே சட்டத்தைத் தேர்ந்து, மற்றவர்களுக்கு ஆசனத்தை உயர்த்திக்கொள்ளலாம்.

பணம் கொடுக்குமுன் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் அந்த அளவு டயரும் ட்யூபும் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். 28, 26 அங்குலச் சாமான்கள் சாதாரணமாகக் கிடைக்கும். புதுவகை அளவானால் ஒரு பஞ்சருக்காகத் திருச்சி வரை பஸ் ஏற நேரிடலாம்.