சென்னை அணியின் சம்பளக் கணக்கு: 125 கோடியில் எது அடங்கும், எது அடங்காது?

ஐபிஎல் ஏலம் முடிந்த வாரத்தில் வடக்கனந்தல் கடைத்தெருவில் இந்தப் பேச்சு தவறாமல் காதில் விழும். "மாமா, சிஎஸ்கே இந்த வருஷம் ஆளுங்களுக்கு மொத்தம் எவ்வளவு சம்பளம் கொடுக்கும்?" என்று கல்லூரிப் பையன் கேட்பான். "125 கோடிப்பா, டிவியிலயே போட்டானே" என்று டீ ஆற்றிக்கொண்டே பதில் வரும். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

டிவியில் போட்டது சரிதான். ஆனால் அது சம்பளத் தொகை அல்ல. 2026 பருவத்துக்கு ஓர் அணி வீரர்களை எடுக்கவும் தக்கவைக்கவும் விதித்த வரம்பு அது. ஏல மேஜையில் 'பர்ஸ்' என்பார்கள். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். டன்னுக்கு அறிவித்த விலை ஒன்று. வெட்டுக்கூலி, கடன் பிடித்தம் போக வங்கிக் கணக்கில் ஏறுவது வேறு. ஐபிஎல்லில் பர்ஸுக்கு மேலேயும் பணம் போகும், சில சமயம் பர்ஸில் கழித்த பணம் வீரரிடம் போய்ச் சேராமலும் இருக்கும். இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு நிற்கும்.

முழுதாகத் தெரிந்த ஒரு கணக்கில் தொடங்கலாம். 2025 பருவத்துக்குப் பர்ஸ் 120 கோடி. ஜெட்டாவில் 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் ஏலம் நடந்தது. அதற்கு முன்பே சென்னை அணி ஐந்து பேரைத் தக்கவைத்தது: ருதுராஜ் கெய்க்வாட் 18 கோடி, ரவீந்திர ஜடேஜா 18 கோடி, மதீஷ பதிரன 13 கோடி, சிவம் துபே 12 கோடி, தோனி 4 கோடி. கூட்டினால் 65 கோடி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சர்வதேச ஆட்டம் ஆடிய வீரர்களைத் தக்கவைத்தால் முதல் ஆளுக்கு 18, அடுத்தவருக்கு 14, மூன்றாமவருக்கு 11, நான்காமவருக்கு மறுபடி 18 என்று கிரிக்கெட் வாரியம் படிநிலை வகுத்திருந்தது. நான்கு பேருக்கு 61 கோடி. சென்னை கொடுத்ததும் அதே 61 கோடிதான், ஆனால் 18, 18, 13, 12 என்று பிரித்துக் கொடுத்தது. மொத்தம் மாறாமல் தங்களுக்குள் பங்கை மாற்றிக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. ஹைதராபாத் அணி ஹென்ரிக் கிளாசனுக்கு 23 கோடி கொடுத்ததும், நிதிஷ் குமார் ரெட்டியை 6 கோடியில் வைத்ததும் இப்படித்தான். ஆகவே படிநிலையை மட்டும் பார்த்து ஒரு வீரரின் சம்பளத்தைச் சொல்லிவிட முடியாது. தோனியின் 4 கோடிக்குக் காரணம் வேறொரு விதி. ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரைச் சர்வதேச அனுபவம் இல்லாதவர் பிரிவில் சேர்க்கலாம் என்றார்கள். 2008இல் 15 லட்சம் டாலருக்கு வாங்கிய வீரர், அந்த முதல் ஏலத்தின் உச்ச விலைக்காரர், இப்படி 4 கோடிப் பட்டியலுக்கு வந்தார்.

மிச்சம் 55 கோடியோடு சென்னை ஏலத்தில் உட்கார்ந்தது. நூர் அகமதுக்கு 10 கோடி, அஸ்வினுக்கு 9.75 கோடி, டெவான் கான்வேக்கு 6.25 கோடி, கலீல் அகமதுக்கு 4.80 கோடி என்று தொடங்கி 30 லட்சத்துக்கு எடுத்த ஷேக் ரஷீத், ஆண்ட்ரே சித்தார்த் வரை இருபது பேர். கூட்டிப் பார்த்தால் 54.95 கோடி. பர்ஸில் மிஞ்சியது ஐந்து லட்சம் ரூபாய். ஏல மேஜையில் உட்கார்ந்தவர்கள் இவ்வளவு இறுக்கமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆக 119.95 கோடி. பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் 2024 செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் அறிவித்த ஆட்டக் கட்டணம் இதற்கு மேலே வருகிறது. ஆடும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆட்டத்துக்கு 7.5 லட்சம். பதினொரு பேரோடு இம்பாக்ட் வீரரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், லீக் சுற்றில் பதினான்கு ஆட்டம்: 12.60 கோடி. ஒவ்வோர் அணியும் இதைத் தனியாக ஒதுக்கியாக வேண்டும். அதற்கும் மேல் ஆட்டத்திறனுக்கான கூடுதல் ஊதியம். மூன்றையும் சேர்த்த மொத்த வரம்பு 2025க்கு 146 கோடி, 2026க்கு 151 கோடி, 2027க்கு 157 கோடி.

இந்த 7.5 லட்சம் பெரிய வீரருக்குச் சில்லறைதான். கீழ்ப்படியில் இருப்பவருக்கு அதுவே வாழ்க்கையை மாற்றும் தொகை. 2025 பருவத்தின் நடுவே முழங்கைக் காயத்தால் ருதுராஜ் விலகினார். அவருக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரே 30 லட்சத்துக்கு வந்து ஏழு ஆட்டம் ஆடினார். ஆட்டக் கட்டணக் கணக்கில் மட்டும் 52.5 லட்சம். ஒப்பந்தத் தொகையை விட இது அதிகம். மறுபக்கம் கல்வராயன் மலைக்கு அப்பால் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜனைப் பாருங்கள். டெல்லி அணி அவரை 10.75 கோடிக்கு எடுத்தது, அந்தப் பருவத்தில் அவர் ஆடியது இரண்டே ஆட்டம். அவர் பெயரில் ஆட்டக் கட்டணம் 15 லட்சம். யார் எத்தனை ஆட்டம் ஆடுவார் என்று ஊகிக்காமல் ஒரு வீரரின் வருமானத்தைச் சொல்ல முடியாது. அணியின் மொத்தத்தைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் யார் ஆடினாலும் பன்னிரண்டு பேர்தான்.

மாத்ரே விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காயம்பட்டவருக்குப் பதில் வருகிறவருக்கு, விலகியவரின் தொகைக்கு மேல் கொடுக்கக் கூடாது. குர்ஜப்னீத் சிங் 2.20 கோடி வீரர். அவருக்குப் பதிலாக வந்த டெவால்ட் பிரெவிஸுக்கும் அதே 2.20 கோடி. இப்படி வரும் மாற்று வீரரின் தொகை அந்த ஆண்டின் வரம்பில் சேராது. அடுத்த ஆண்டும் வைத்துக்கொண்டால் அப்போது பர்ஸில் கழிப்பார்கள். எனவே காயங்கள் அதிகமான பருவத்தில் ஓர் அணியின் உண்மைச் செலவு ஏலத்தன்று போட்ட கணக்கைத் தாண்டிப் போகும்.

இனி எதிர்த்திசை. 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த சிறு ஏலத்தில் கேமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. தலைப்புச் செய்தியும் அதுதான். ஆனால் சிறு ஏலத்தில் வெளிநாட்டு வீரர் பெறக்கூடிய தொகைக்கு 18 கோடி உச்சவரம்பு உண்டு. கிரீனுக்கு 18 கோடி, மீதி 7.20 கோடி வீரர் நலனுக்காக வாரியத்துக்கு. கொல்கத்தாவின் பர்ஸில் மட்டும் முழு 25.20 கோடியும் கழிந்தது. அணி கொடுத்ததா, வீரர் பெற்றதா, எதைச் சம்பளம் என்று எண்ணுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அதே ஏலத்துக்குச் சென்னை 43.40 கோடியோடு வந்தது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு வாங்கியிருந்தது; போன இடத்தில் ஜடேஜாவின் தொகை 18லிருந்து 14 கோடியாக இறங்கியது. பதிரன, கான்வே, ரச்சின் போன்றோரை விடுவித்திருந்தது. சர்வதேச ஆட்டம் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி. அடிப்படை விலை 30 லட்சமாக இருந்த இரண்டு இளைஞர்கள் இவர்கள். ராகுல் சாஹருக்கு 5.20 கோடி. ஒன்பது பேருக்கு மொத்தம் 41 கோடி, மிச்சம் 2.40 கோடி. ஆக 125இல் 122.60 கோடி போயிற்று. பதினான்கு லீக் ஆட்டங்களுக்கு அதே ஆட்டக் கட்டணம் என்று 12.60 கோடியைக் கூட்டினால் 135.20 கோடி. 151 கோடி என்ற மேல்வரம்பு வரை ஆட்டத்திறன் ஊதியத்துக்கு இடமுண்டு. கடைத்தெருக் கேள்விக்கு என் விடை: 135 கோடிக்குக் குறையாது, 151 கோடியைத் தாண்டாது, காயங்களுக்காக மாற்று ஆள் எடுத்தால் மட்டும் கொஞ்சம் கூடும். ஒற்றை எண் கேட்டால் நான் 135 என்பேன், ஏனென்றால் அதற்கு மேலே போவதெல்லாம் இன்னும் நடக்காத ஆட்டங்களைப் பொறுத்தது.

இந்த மாதிரிக் கணிப்பை ஒரு முழுநேரக் கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கப் பேஸ்பால்காரர்கள். அங்கே ஏலம் இல்லை, உச்சவரம்பும் இல்லை. ஓர் எல்லையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2026க்கு அந்த எல்லை 24.4 கோடி டாலர். கணிக்கிறவர் வீரர்களை மூன்று கூறாகப் பிரிக்கிறார். ஒப்பந்தம் எழுதி முடித்தவர்களின் தொகை தெரிந்தது. மூன்று ஆண்டுப் பணி நிறையாத இளையவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிப் போடலாம். 2026க்கு அது 7.8 லட்சம் டாலர். நடுவில் இருப்பவர்கள்தான் தலைவலி. மூன்று முதல் ஆறு ஆண்டு ஆடியவர்களுக்கும் அணிக்கும் தொகை ஒத்துப்போகாவிட்டால் விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போகும். வீரர் ஓர் எண்ணும் அணி ஓர் எண்ணும் எழுதித் தரும். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், இடையில் ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் டொராண்டோவின் விளாடிமிர் குரேரோ ஜூனியர் 1.99 கோடி டாலர் கேட்டார், அணி 1.805 கோடி என்றது. வீரர் வென்றார். இப்படி ஐந்தாறு பேர் இருக்கும் அணிக்கு ஜனவரியில் கணக்குப் போடுகிறவர் நிச்சயம் பல இடங்களில் தவறுவார்.

ஷோஹெய் ஓட்டானி ஒருவரே போதும் அந்தக் கணக்கின் சிக்கலைக் காட்ட. பத்தாண்டுக்கு 70 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 7 கோடி. அதில் 6.8 கோடியை 2034 முதல் வாங்கிக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் கையில் வாங்குவது 20 லட்சம் டாலர். வரிக் கணக்கிலோ அவருக்கு ஏறத்தாழ 4.6 கோடி. ஒரே வீரர், ஒரே பருவம், மூன்று எண்கள், மூன்றும் சரி.

கபடியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்து வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். புரோ கபடி 2014இல் தொடங்கியபோது ஓர் அணியின் பர்ஸ் 60 லட்சம். இப்போது 5 கோடி. 2024இல் தமிழ் தலைவாஸ் சச்சின் தன்வருக்கு மட்டும் 2.15 கோடி கொடுத்தது. பர்ஸில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு ஒரே ரெய்டருக்கு. அப்படிக் கொடுப்பதன் ஆபத்தை அந்த அணி ஏற்கெனவே பட்டு அறிந்திருந்தது. 2022இல் 2.26 கோடிக்கு எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு அந்தப் பருவம் முழுக்க வெளியே இருந்தார். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2023இல் முதல்முறை ஏலம் நடந்தபோது ஓர் அணிக்கு 70 லட்சம்தான். கோவை அணி அதில் 21.60 லட்சத்தைச் சாய் சுதர்சனுக்குக் கொடுத்தது. அப்போது ஐபிஎல்லில் அவருடைய ஒப்பந்தம் 20 லட்சம். மாநில லீக்கில் கூடுதல் விலை போன அவரை 2025க்குக் குஜராத் 8.50 கோடிக்குத் தக்கவைத்தது.

கடைசியாக, இந்தத் தொகையெல்லாம் பெரிதா சிறிதா என்ற கேள்வி. ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை 48,390 கோடிக்கு விற்றது; ஆண்டுக்கு 9,678 கோடி. பத்து அணிகளும் 2026இல் 151 கோடியை முழுதாகக் கொடுத்தாலும் 1,510 கோடி. ஒளிபரப்புப் பணத்தோடு மட்டும் ஒப்பிட்டாலே அது 16 சதவீதத்தை எட்டவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்தில் வீரர்களுக்கு வருவாயில் 49 முதல் 51 சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அங்கே வீரர் சங்கம் உட்கார்ந்து பேசி வாங்கிய பங்கு அது. பேஸ்பாலிலும் 1966இல் மார்வின் மில்லர் சங்கத்துக்கு வந்த பிறகுதான் 6,000 டாலராக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 1968 ஒப்பந்தத்தில் 10,000 ஆயிற்று. இங்கே 2019இல் அமைந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று ஆடுகிறவர்களுக்காகப் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார யாருமில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

7.5 லட்சம் ஆட்டக் கட்டணமும் வாரியம் தானாக அறிவித்ததுதான். இப்போதைய வீரர் விதிகள் 2027 பருவத்தோடு முடிகின்றன, ஒளிபரப்பு ஒப்பந்தமும் அப்போதே முடிகிறது. 2028க்கான விதிகளில் ஆட்டக் கட்டணம் தொடர்ந்தால் 30 லட்ச ரூபாய் வீரர் பதினான்கு ஆட்டமும் ஆடி 1.35 கோடி பெறலாம். அதை எடுத்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது 30 லட்சம்.