குடல்வாலை எடுத்தாச்சு, ரிப்போர்ட் வாங்கினீங்களா?

முதலில் டீயைக் குடியுங்கள் அண்ணா, ஆறிப்போகிறது. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்டு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பையனுக்குக் குடல்வாலை எடுத்தாச்சு, தையலும் பிரித்தாச்சு. இப்போது பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘நியூரோஎண்டோகிரைன் கட்டி, 8 மில்லிமீட்டர்’ என்று பார்த்து வீடே கலங்கிக் கிடக்கிறது. அந்த 8-தான் நல்ல சேதி.

எடுக்கிற குடல்வால்களில் நூற்றுக்கு ஒன்றில் இப்படி ஏதாவது கட்டி இருப்பதுண்டு. ஸ்கேனில் பெரும்பாலும் சாதாரண வீக்கமாகத்தான் தெரியும். வெட்டியெடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பிடிபடும். பையனுக்கு வந்திருப்பது மெதுவாக வளர்கிற வகை, அதிகமும் நுனியில் வரும். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, வெட்டிய விளிம்பும் சுத்தமாக இருந்தால் எடுத்ததே வைத்தியம். இரண்டைத் தாண்டினால் பெருங்குடலின் வலப்பக்கத்தையும் எடுக்கச் சொல்வார்கள். அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால், கட்டி குடல்வாலின் அடிப்பகுதியில் இருக்கிறதா, பக்கத்துக் கொழுப்புக்குள் போயிருக்கிறதா, செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 எவ்வளவு என்று பார்த்து முடிவெடுப்பார்கள்.

எனக்குக் கவலை தருவது இன்னொரு வகை, சளி சுரக்கும் கட்டி. உடையாமல் முழுசாக வந்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. உடைந்தால் அந்தச் சளி ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வயிறெங்கும் வருடக்கணக்கில் சேரும். பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி என்றும், ஆண்களுக்குக் குடலிறக்கம் என்றும் ஆபரேஷனுக்குப் போன இடத்தில் தெரியவரும். நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் 1993-இல் இறந்தது குடல்வாலில் தொடங்கிய புற்றுநோயால்தான். அமெரிக்க அறுவை மருத்துவர் பால் சுகர்பேக்கர் வளர்த்தெடுத்த முறையில், சளி ஒட்டிய வயிற்றுச் சவ்வை உரித்தெடுத்து, 41 முதல் 43 டிகிரி வரை சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றுக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சுழல விடுகிறார்கள். ‘ஹைபெக்’ என்பார்கள். நாள் முழுக்க நீளும் ஆபரேஷன். பழகிய கைகளிடம்தான் போக வேண்டும்.

உங்களுக்கு அது தேவைப்படாது. ஆனாலும் ரிப்போர்ட்டோடு, லேபில் இருக்கும் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒருமுறை காட்டுங்கள். 1973-இல் தொடங்கிய பெங்களூரு கித்வாய் ஆஸ்பத்திரி, நம் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. சென்னை என்றால் 1954-இல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். காப்பீட்டு அட்டை செல்லுமா என்று போவதற்கு முன்பே விசாரியுங்கள்.

தெருவில் யாருக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றாலும் சொல்லிவையுங்கள்: எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் விடாதீர்கள்.