சிற்றுரு மோட்டார் வண்டியும் வார்ப்புக் கலையும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவம் என்பதை மாணவர் அறிவர். பெரியதொன்றைச் சிறிதாக்கி மகிழும் விருப்பம் அத்துணைப் பழையது. எனினும், விளையாட்டுத் தேர் தேர்போலத் தோன்றினாற் போதும். சிற்றுரு எனப்படுவதோ உறுப்புத்தோறும் அளவால் மூலப்பொருளை ஒத்திருத்தல் வேண்டும். இவ்வரையறைக்கு உட்பட்டு மோட்டார் வண்டியின் உறுப்புக்களைச் செதுக்கியும் வார்த்தும் அமைப்பதைப் பலர் ஓய்வுநேரக் கலையாகப் பயில்கின்றனர். அதன் முறையையும், அதனால் விளையும் பயிற்சியையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அளவிடையை நோக்குவாம். 1:24, 1:25, 1:43 என்பன பெருவழக்கானவை. 1:24 என்பது ஓரடிக்கு அரை அங்குலம். 1:43 என்பது பிரித்தானியச் சிற்றுரு இரயில்களுக்கு வழங்கிய ஓரடிக்கு 7 மில்லிமீற்றர் என்னும் அளவிலிருந்து வந்தது. 1:24 அளவிடையில் 432 சென்ரிமீற்றர் நீளமான வண்டி 18 சென்ரிமீற்றராகும். நீளம் 24இல் ஒன்றாகக் குறையும்போது கனவளவு 13,824இல் ஒன்றாகக் குறையும். ஆகவே 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை அதே பொருள்களால் அளவு வழுவாது செய்யின் அது ஏறத்தாழ 72 கிராமே நிறுக்கும். 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு 0.04 மில்லிமீற்றராகிவிடும். இத்துணை மெல்லிய சுவரை வீட்டு மேசையில் வார்த்தல் அரிது. ஆதலின் செய்வோர் தடிப்பை உள்ளே மறைத்து, கண்ணுக்குப் புலனாகும் விளிம்பை மாத்திரம் மெலிவித்துக் காட்டுவர். எதனை அளவின்படி செய்வது, எதனைத் தோற்றத்தின்படி செய்வது எனத் துணிவதே இக்கலையின் முதற் பயிற்சியாகும்.

தொழிற்சாலைகள் பிளாஸ்திக்கு உறுப்புக்களை உருக்கு அச்சுக்களிற் பேரழுத்தத்துடன் செலுத்தி ஆக்குகின்றன. அவ்வச்சுக்கள் பெருவிலையின, ஆயிரக்கணக்கான படிகள் விற்றாலன்றிச் செலவு மீளாது. மிகச் சிலரே விரும்பும் பழைய சில்லொன்றை அவை செய்யமாட்டா. இக்குறையை நிரப்புவது இறப்பர் அச்சாகும்.

முதலிற் செய்யப்படுவது மூலவுரு. உண்மை வண்டியை அளந்து, பித்தளையாலோ பொலிஸ்ரைரீன் தகட்டாலோ அதனை ஆக்குவர். முப்பரிமாண அச்சுப்பொறியும் இக்காலத்தில் துணைபுரிகின்றது. எனினும், அது விட்டுச்செல்லும் வரிகளை அரத்தாளால் தேய்த்தகற்றல் வேண்டும். பின்னர் மூலவுருவைச் சிறு பெட்டியொன்றிற் களிமண்ணில் அரைப்பாகம் புதைத்து, களிமண்ணிற் சில குழிகளை இட்டு, சிலிக்கோன் இறப்பரை மெல்லிய தாரையாக ஊற்றுவர். தாரை மெலிதாயின் குமிழ்கள் உடையும். இறப்பர் இறுகியபின் களிமண்ணை அகற்றி, ஒட்டாதிருத்தற்கு வாசலின் பூசி, மறுபாதியையும் ஊற்றுவர். குழிகளில் இறுகிய முளைகள் இரு பாதிகளையும் பிறழாது பொருத்தும். கந்தகம் கலந்த களிமண், பிளாற்றினம் ஊக்கியாற் கெட்டியாகும் இறப்பரை இறுகவிடாது. இதனை அறியாது அச்சை இழப்போர் பலர்.

அச்சு ஆயத்தமானதும் பொலியூரேதேன் பிசினின் இரு திரவங்களையும் உரிய விகிதத்திற் கலந்து ஊற்றுவர். அது சில நிமிடங்களிலேயே இறுகும். சிக்கிய வளியே பெரும்பகை. அது வெளியேற உயரமான இடங்களில் வழிகள் வெட்டப்படும். அழுத்தக் கலத்துள் வைப்பின், எஞ்சிய குமிழ்கள் புலனாகாவாறு சுருங்கும். பிசினின் ஒரு கூறாகிய ஐசோசயனேற்று நுரையீரலுக்குத் தீங்கு பயப்பது. ஆதலாற் காற்றோட்டமுள்ள இடமும் கையுறையும் இன்றியமையாதன. தேய்க்கும்போது நீர்விட்டுத் தேய்த்தல் நன்று.

நம் சிற்பிகள் செப்புத் திருமேனிகளை வார்க்கும் முறையில் மெழுகுருவும் உருகியோடும், மண்ணச்சும் உடைபடும். எனவே ஒவ்வொரு திருமேனியும் தனித்தன்மையுடையது. இறப்பர் அச்சோ பல படிகளைத் தரும். அது நிறையை மாத்திரமன்றிக் குறையையும் அவ்வாறே பெயர்க்கும். மூலவுருவிலே மயிரிழையளவு கீறல் இருப்பின், அது படிதோறும் இருக்கும். அன்றியும், பிறர் பல திங்கள் உழைத்துச் செய்த உறுப்பையும் அச்சு மறுக்காது ஏற்கும். அவ்வாறு படியெடுத்து விற்போர் உளர். நேர்மையுடையோர் அதனைக் களவென்றே கொள்வர். இயற்கையும் அக்களவைக் காட்டிக்கொடுக்கின்றது. பிசின் இறுகும்போது சிறிது சுருங்குமாதலால், படியினின்று எடுத்த படி மூலத்திற் சிறுத்து, விளிம்பு மழுங்கிக் காணப்படும். பிறர் குறிப்பைப் பெயர்த்தெழுதும் மாணவனின் விடையும் இத்தகையதன்றோ?

இப்பயிற்சி வீண்பொழுதன்று. அமெரிக்காவில் 1930 முதல் 1968 வரை ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த பிஷர் பொடி கைவினைஞர் கழகம் இளைஞரிடையே சிற்றுருப் போட்டி நடத்திற்று. தொடக்கத்தில் நெப்போலியன் காலக் குதிரை வண்டியையும், பின்னர்த் தாமே வகுத்த மோட்டார் வண்டிகளையும் அவர்கள் செய்தனர். வென்றோர்க்குப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில்கள் கிடைத்தன. 1947இற் பரிசு பெற்ற சாள்ஸ் ஜோர்டன் என்பார் பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்குத் தலைவரானார்.

எல்லோரும் அந்நிலையை எய்துதல் அரிது. ஆயினும், தன் கையாற் செய்த மூலவுருவின் பிழையைத் தானே கண்டு, வார்ப்பதற்கு முன்னரே திருத்தும் பொறுமையை எவரும் பெறலாம். அச்சிட்டபின் திருத்த முயல்வது படிதோறும் பட்டபாட்டையே மீண்டும் படுவதாகும்.